தீனி கொடுத்துப் பழக்கலாமா?

நாய் வளர்ப்பவர்கள் இருவர் சந்தித்தால் உண்ணியும் தடுப்பூசியும் பேசி முடிந்த பிறகு பேச்சு வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. "பிஸ்கட்டைக் காட்டினாத்தான் உட்காருது. கையில ஒண்ணும் இல்லைன்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்பார் ஒருவர். "அதுக்குத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே தீனி காட்டிப் பழக்கலை. நம்ம குரலுக்கு அடங்கணும்" என்பார் மற்றவர். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வாக்குவாதத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. காவல்துறை முகாம்களிலும் உளவியல் ஆய்வகங்களிலும் டால்ஃபின் குளங்களிலும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளிலும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு மனிதர்கள் சண்டையிட்டிருக்கிறார்கள். சிலர் கட்சியும் மாறியிருக்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீனிக்கு எதிரான புகார்களில் பல நியாயமானவை. ஆனால் தீனியை எடுத்துவிட்ட இடத்தில் என்ன வைக்கப்பட்டது என்று வரலாற்றைக் கேட்டால், பெரும்பாலும் கழுத்தை இறுக்கும் சங்கிலிதான் விடையாக வருகிறது. அதையும் கணக்கில் சேர்க்காமல் தீனியை மட்டும் குற்றக்கூண்டில் நிறுத்துவது சரியல்ல.

ஜெர்மனியில் காவல் அதிகாரியாக இருந்த கோன்ராட் மோஸ்ட் 1910இல் நாய்ப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதினார். நாய்க்கு நல்லது கெட்டது தெரியாது, தன் செயலைத் தொடர்ந்து வரும் இன்பத்தையும் துன்பத்தையும் வைத்துத்தான் அது கற்கிறது என்று அவர் அதில் தெளிவாகச் சொன்னார். அந்தக் காலத்துக்கு இது பெரிய புரிதல். ஆனாலும் நடைமுறையில் அவர் பெரிதும் நம்பியது வாரையும் பிரம்பையும் கட்டாயப்படுத்தலையும்தான். காவலுக்கும் போருக்கும் போகும் நாய் எந்த நிலையிலும் கீழ்ப்படிய வேண்டும், கையில் தீனி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அந்த மரபின் வாதம். அமெரிக்காவில் அதை வீட்டு நாய்கள் வரைக்கும் கொண்டுவந்தவர் வில்லியம் கோஹ்லர். ராணுவத்தில் நாய்களைப் பழக்கி, பிறகு வால்ட் டிஸ்னி படங்களுக்கு விலங்குகளைப் பழக்கியவர். 1962இல் வெளிவந்த அவருடைய நூல் பல்லாண்டுகள் அந்நாட்டு நாய் வகுப்புகளை ஆண்டது. அவர் முறையில் நாயை நீண்ட கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். நாயின் கவனம் வேறெங்கோ போகும்போது நடப்பவர் சொல்லாமல் திசை மாறுவார். கயிறு சுண்டி இழுக்கும். சில நாள்களில் நாய் மனிதரைவிட்டுக் கண்ணை எடுக்காது. தீனி கொடுத்துப் பழக்குவோரை கோஹ்லர் மதிக்கவில்லை. தீனியைவிட வேறொன்று பெரிதாகத் தெரியும் கணம் எந்த நாய்க்கும் வரும், அன்று உங்கள் பயிற்சி கைவிட்டுப் போகும் என்றார். இந்த வாதம் வலுவானது. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்த மரபுக்கு ஓநாய் ஆராய்ச்சியும் துணைக்கு இழுக்கப்பட்டது. அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து, கூட்டத்தில் ஒரு தலைவன், மற்றதெல்லாம் அடங்கி நடக்கும் என்ற சித்திரம் பரவியது. நாயின் தலைவன் நீ, தலைவன் தீனி கொடுத்துக் கெஞ்ச மாட்டான் என்பது அதன் வீட்டு வடிவம். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம் என்று டேவிட் மெக் 1999இல் விளக்கமாக எழுதிய பிறகு அறிவியலில் இந்த வாதம் செல்வாக்கு இழந்தது. நம் ஊர் டிரெய்னர்கள் சிலரின் பேச்சில் மட்டும் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

மறுபுறம் ஆய்வகம். எட்வர்ட் தோர்ண்டைக் 1898இல் பூனைகளையும் நாய்களையும் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து வெளியே உணவை வைத்தார். தாழ்ப்பாளைத் தற்செயலாகத் திறந்து வெளியேறிய விலங்கு அடுத்தடுத்த முறைகளில் விரைவாகத் திறந்தது. விளைவு இனிதாக இருந்தால் செயல் வலுப்பெறும் என்பது அவர் கண்ட விதி. அதை பி.எஃப். ஸ்கின்னர் விரிவாக்கினார். 1951இல் பொதுவாசகர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில், டிக் டிக் என்று ஒலிக்கும் சிறு பொம்மையும் கொஞ்சம் உணவும் இருந்தால் யாரும் வீட்டில் நாயைப் பழக்கலாம் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். நாய்க்காரர்கள் அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ள வைத்தது கடல். 1963இல் ஹவாய்த் தீவுகளின் சீ லைஃப் பார்க்கில் டால்ஃபின்களைப் பழக்கும் பொறுப்பு கேரன் பிரையரிடம் வந்தது. டால்ஃபினுக்குக் கழுத்துப்பட்டை போட முடியாது, தட்ட முடியாது, பிடிக்காவிட்டால் அது நீந்திப் போய்விடும். கையில் இருப்பது விசிலும் ஒரு வாளி மீனும்தான். கட்டாயப்படுத்த வழியே இல்லாத விலங்கு அத்தனை நுணுக்கமான செயல்களைக் கற்றுக்கொண்டதைக் கண்ட பிறகு, கட்டாயப்படுத்த வழி இருக்கிறது என்பதற்காகவே நாயைக் கட்டாயப்படுத்துவது ஏன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? இந்த அனுபவத்தை நாய் வளர்ப்போரிடமும் கொண்டுசேர்த்த அவருடைய நூல் 1984இல் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1982இல், கால்நடை மருத்துவர் இயான் டன்பார் கலிபோர்னியாவில் குட்டிகளுக்கென்று வகுப்பு தொடங்கியிருந்தார். அதுவரை ஆறு மாதம் ஆகாத குட்டியை வகுப்பில் சேர்ப்பது வழக்கமில்லை. சங்கிலியைச் சுண்டினால் பிஞ்சுக் கழுத்து தாங்காது. கையில் ஒரு துளி உணவை வைத்து வழிகாட்டத் தொடங்கியதும் அந்தக் காத்திருப்பு தேவையற்றுப் போனது. தீனி நாய்ப் பயிற்சிக்குச் செய்த மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன். கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் அந்நியரிடம் பழகவும் குட்டி கற்க வேண்டிய வாரங்கள், பழைய முறையில் வீணாகப் போய்க்கொண்டிருந்தன.

இனி அந்த முதல் புகாருக்கு வருவோம்: பிஸ்கட்டைக் காட்டினால்தான் உட்காருகிறது.

அந்த நாய் தவறாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் கற்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்கட் முதலில் கண்ணில் பட்டது, பிறகு "சிட்" என்ற சொல் வந்தது, உட்கார்ந்ததும் பிஸ்கட் கிடைத்தது. இதில் நாய்க்குச் செய்தி சொன்னது பிஸ்கட்தான். சொல் அதன் பின்னால் வந்த வெற்றொலி. பிஸ்கட் இல்லாத நாளில் நாய்க்கு யாரும் எதுவும் சொல்லவே இல்லை என்பதுதான் நிலை. செயலுக்கு முன்னால் காட்டப்படும் தீனி லஞ்சமாகிவிடுகிறது. செயலுக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்து சேரும் தீனி, நீ செய்தது சரி என்று நாய்க்குத் தெரிவிக்கும் செய்தியாகிறது. தீனியைத் திட்டுகிறவர்களும் தீனியால் தோற்றவர்களும் பெரும்பாலும் முதல் வகையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

தேர்ந்த டிரெய்னர் செய்வது வேறு. முதல் சில முறை மட்டும் விரல்களுக்குள் ஒரு துணுக்குக் கோழியை வைத்து, நாயின் மூக்கிலிருந்து தலைக்கு மேலே கையை மெல்ல உயர்த்துவார். மூக்கு மேலே போக, பின்புறம் தானாகத் தரையில் அமரும். அடுத்து அதே கையசைவு, ஆனால் விரல்களுக்குள் ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் தீனி இன்னொரு கையிலிருந்தோ இடுப்புப் பையிலிருந்தோ அலமாரியிலிருந்தோ வரும். பிறகு கையசைவுக்கு ஒரு கணம் முன்னால் சொல். பிறகு கையசைவு சுருங்கி மறைய, சொல் மட்டும் மிஞ்சும். அதற்கும் பிறகுதான் தீனி சில தடவை வரும், சில தடவை வராது என்ற நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் வீடுகளில் விட்டுப்போவது இந்த இடைப்பட்ட படிகள். முதல் படியிலேயே நின்றுகொண்டு வருடக்கணக்கில் பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அல்லது ஒரே நாளில் முதல் படியிலிருந்து கடைசிக்குத் தாவி, தீனியை அடியோடு நிறுத்திவிட்டு, நாய் மறந்துவிட்டது என்கிறோம்.

சில தடவை மட்டும் கொடுத்தால் செயல் ஏன் நிலைக்கிறது என்பதற்கு ஸ்கின்னர் காலத்திலேயே ஆய்வகச் சான்று இருந்தது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் செயல், பரிசு நின்ற பிறகும் நெடுநேரம் தொடரும். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளின் மூளையில் கண்டதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் எதிர்பாராத பரிசுக்குத் துள்ளுகின்றன; பரிசு வாடிக்கையாகிவிட்டால் பரிசுக்கு அல்ல, அதை முன்னறிவிக்கும் அறிகுறிக்குத் துள்ளுகின்றன; வாக்களித்த பரிசு வராவிட்டால் அடங்குகின்றன. பழக்கம் நன்றாக ஊன்றுவதற்கு முன்பே தீனியைக் குறைத்தால் நாய் ஏன் சோர்ந்துபோகிறது என்பதும் இதில் ஓரளவு தெரிகிறது.

நேரமும் முக்கியம். நாய் உட்கார்ந்த பிறகு பையைத் துழாவி, பொட்டலத்தைப் பிரித்து, துணுக்கை எடுக்கும்போது அது எழுந்து குதித்துக்கொண்டிருக்கும். பரிசு போய்ச் சேர்வது குதித்ததற்கு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் கிளிக்கர் வந்தது: சரியான கணத்தில் ஒரு ஒலி, பின்னால் தீனி. கிளிக்கருக்குத் தனி மந்திரசக்தி இருப்பதாகச் சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. இத்தாலியில் சின்சியா கியாந்தெத்தி குழுவினர் 2016இல் 51 நாய்களை மூன்றாகப் பிரித்து, கிளிக்கர், ஒரு சொல், வெறும் தீனி என்று ஒப்பிட்டதில் கற்கும் வேகத்தில் வேறுபாடு தென்படவில்லை. கிளிக்கர் வாங்கப் பணமில்லாதவர் கவலைப்பட வேண்டாம். "சரி" என்று ஒரே குரலில், சரியான நொடியில் சொன்னால் போதும்.

எதிர்த்தரப்பின் நுட்பமான வாதம் குழந்தைகள் உளவியலிலிருந்து வருகிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதை விரும்பிய மழலைப் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. அப்படியானால் தீனி, நாய் மனதாரச் செய்வதையும் கூலி வேலையாக்கிவிடாதா? எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். மனிதருக்கும் நாய்க்கும் நடுவே இருப்பதைக் காப்பாற்ற நினைப்பவர் கேட்கும் கேள்வி இது. ஆனால் அந்தச் சோதனையில் கெட்டுப்போனது ஏற்கெனவே இருந்த ஆசை. சொன்னதும் தரையில் உட்காருவதில் எந்த நாய்க்கும் பிறவி ஆசை கிடையாது; இழக்க அங்கே எதுவும் இல்லை. அதே சமயம், வாசலில் நம்மைக் கண்டு துள்ளி வருவதற்கோ, பந்தைத் துரத்துவதற்கோ தீனி கொடுக்க வேண்டியதில்லை. அங்கே அந்தச் செயலே பரிசு.

சரி, நாய்க்குத் தீனி பெரிதா, பாராட்டும் தடவலும் பெரிதா? இதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. எரிகா ஃபாயர்பாக்கரும் கிளைவ் வின்னும் 2012இல் தொடங்கி வரிசையாகச் சில சோதனைகள் செய்தார்கள். ஒரு சிறு செயலைச் செய்ய வைப்பதில் தீனி முந்தியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டபோது பெரும்பாலான நாய்கள் தீனியின் பக்கம் போயின. 2015இல் தடவலையும் வாய்ப்பாராட்டையும் ஒப்பிட்டார்கள். தடவல் எளிதாக வென்றது. "குட் பாய், குட் பாய்" என்ற வெறும் சொல்லுக்கு நாய்கள் காட்டிய ஆர்வம், ஆளே கவனிக்காமல் இருப்பதற்குக் காட்டியதைவிட அதிகமாக இல்லை. வாயால் பாராட்டினால் போதும் என்று வாதிடுவோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மறுபக்கச் சான்று எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸின் குழுவிடமிருந்து 2016இல் வந்தது. மயக்க மருந்தில்லாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழகிய 15 நாய்களுக்கு, ஒரு பொம்மையைக் காட்டினால் தீனி வரும், இன்னொன்றைக் காட்டினால் வளர்ப்பவர் பாராட்டுவார் என்று பழக்கினார்கள். பரிசை எதிர்பார்க்கும் மூளைப்பகுதி ஒன்பது நாய்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கிளர்ந்தது. நான்கில் பாராட்டுக்கு அதிகம். இரண்டில் மட்டுமே தீனிக்கு அதிகம். இவை மனிதரோடு சேர்ந்து நீண்ட பயிற்சி எடுத்த நாய்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வளர்ப்பவரின் பாராட்டுக்கு அங்கே ஒரு வரலாறு இருக்கிறது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது நம் நாட்டுத் தெருநாய்களைப் பற்றிய ஆய்வு. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017இல் வெளியிட்டது. அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது, கூடுதல் உணவு கொடுத்துப் பழகியதைவிடத் தலையைத் தடவிப் பழகிய நாய்களிடம்தான் நம்பிக்கை வளர்ந்தது. குப்பையில் கிடைக்கும் ஒரு வாய் உணவு அவற்றுக்குப் புதிதல்ல, தன்னை அடிக்காத கை புதிது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தெருவிலிருந்து எடுத்து வளர்ப்பவர்கள், குட்டி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறது என்று மனம் தளர்கிறார்கள். அதன் முதல் தேவை உட்காரக் கற்பது அல்ல. மெதுவாகத் தடவிப் பழகி, கையை நம்பிய பிறகு தீனி தன் வேலையைத் தானே செய்யும்.

இந்த முரண்கள் என்னைக் குழப்பவில்லை. ஐந்து நிமிடத்தில் பதினைந்து முறை திரும்பச் செய்ய வேண்டிய பயிற்சிக்கு, சட்டென்று விழுங்கி அடுத்ததற்குத் தயாராகும் துணுக்கு உணவைப் போல வசதியானது வேறில்லை. உறவு என்பது நாள் முழுதும் நடப்பது. அதை உணவால் அளக்க முடியாது.

தண்டனைப் பக்கம் என்ன சான்று இருக்கிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் மேகன் ஹெரன் குழுவினர் திரட்டி 2009இல் வெளியிட்ட விவரம் கவலை தருவது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரிடமும், நாயைப் புரட்டிப்போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதத்தினரிடமும் நாய் திருப்பிச் சீறவோ கடிக்கவோ முனைந்திருக்கிறது. இவை சிக்கலோடு வந்த நாய்கள் என்பதால் எல்லா நாய்களுக்கும் அந்த எண்ணிக்கையைப் பொருத்த முடியாது. கேட்டறிந்து எழுதும் எல்லா ஆய்வுகளிலும் இந்தக் கோளாறு உண்டு: அடித்ததால் நாய் கெட்டதா, கெட்ட நாய் என்பதால் அடித்தார்களா என்று பிரித்தறிவது கடினம். அதனால்தான் போர்ச்சுகலில் ஆனா கத்தரீனா வியெரா தெ காஸ்த்ரோ குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வுக்கு எடை அதிகம். அவர்கள் வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளில் படித்த 92 வீட்டு நாய்களை நேரில் பார்த்தார்கள். வலியும் மிரட்டலும் அதிகமுள்ள பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது மூச்சிரைப்பும் உதட்டை நக்குவதும் பதுங்குவதும் அதிகம். பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறியிருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்று சந்தேகமான இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது, மிக அதிகமாகத் தண்டிக்கும் பள்ளிகளின் நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. இருக்காது என்று நினைக்கும் மனநிலை வகுப்புக்கு வெளியிலும் தொடர்ந்திருக்கிறது.

இப்போது கோஹ்லரின் வாதம். தீனியைவிடப் பெரிதான ஒன்று குறுக்கே வந்தால்?

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை வளர்ப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. கரிசல் காட்டில் முயல் எழும்பி ஓடிய கணத்தில் அந்த நாயின் முன்னால் ஆட்டு ஈரலை நீட்டிப் பாருங்கள். ஈரல் அதன் கண்ணில்கூடப் படாது. துரத்துவது அதற்கு உணவுக்கான வழி மட்டுமல்ல, அதுவே பேரின்பம். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மேரியன் பிரெலண்ட் தம்பதியர் 1961இலேயே இதை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். தீனி கொடுத்து நாணயத்தைப் பெட்டியில் போடப் பழக்கிய ரக்கூன், நாளடைவில் நாணயங்களைப் போடாமல் இரையைக் கழுவுவது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறவிக் குணம் மேலே வரும்போது பரிசு தோற்கும்.

மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர்களை ஆதரிப்பவர்கள் கையிலெடுப்பது இந்த இடத்தைத்தான். இதில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆய்வுகள் உள்ளன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்டதில், கூப்பிட்டால் வராத 63 நாய்களை மூன்றாகப் பிரித்துப் பழக்கினார்கள். ஷாக் காலர் எந்த விதத்திலும் முந்தவில்லை. தீனி முதலிய வெகுமதியால் பழகியவை விரைவாகச் சொல்கேட்டன. 2024இல் அரிசோனாவில் அனமேரி ஜான்சனும் கிளைவ் வின்னும் செய்த சோதனையில் முடிவு தலைகீழ். வேகமாக ஓடும் ஒரு பொம்மை இரையைத் துரத்தாமலிருக்க, ஷாக் காலர் போட்ட நாய்கள் சில வகுப்புகளில் கற்றுக்கொண்டன. தீனியால் பழகியவை அந்தக் கால அளவில் கற்கவில்லை. பங்கெடுத்தவை 19 நாய்களே. தீனி கொடுத்துப் பழக்குவோர் இத்தகைய பயிற்சிக்கு மாதங்கள் எடுப்பார்கள், சில வகுப்புகளில் முடிக்க மாட்டார்கள் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனாலும் தீனியின் பக்கம் நிற்கும் நான் இந்த முடிவை மறைக்க விரும்பவில்லை. துரத்தலை விரைவாக நிறுத்த வலி உதவக்கூடும்.

உதவுகிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது. கடைத்தெருவில் எவரும் வாங்கக்கூடிய ஒரு கருவியை, நேரம் தவறாமல், அளவு மீறாமல், கோபத்தில் அழுத்தாமல் பயன்படுத்தும் கை எத்தனை வீடுகளில் இருக்கும்? தீனியை நேரம் தவறிக் கொடுத்தால் ஒரு துணுக்குக் கோழி வீண். அதிர்ச்சியை நேரம் தவறிக் கொடுத்தால், அந்த நொடியில் எதிரே வந்த சைக்கிள் சிறுவனையே நாய் தன் வலிக்குக் காரணமாகக் கொள்ளலாம். வேல்ஸ் நாடு 2010இல் ஷாக் காலரைத் தடை செய்தது. முயல் துரத்தும் நாய்க்கு வயல்வெளியில் நீண்ட கயிறு இருக்கிறது. ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தால் சேர்ந்து ஓட விடுகிற பழக்கமும் இருக்கிறது. துரத்தலையே பரிசாக்குவது அது.

தீனி வேண்டாம் என்பதில் மிக உறுதியாக நின்றவர்கள் வழிகாட்டி நாய்ப் பள்ளியினர். அவர்களுக்குக் காரணம் இருந்தது. உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்க வேண்டிய நாய், நடைபாதையில் கிடக்கும் எலும்பைத் தாண்டிப் பார்வையற்றவரை அழைத்துச் செல்ல வேண்டிய நாய், உணவைத் தேடத் தொடங்கினால் மனித உயிருக்கே ஆபத்து. அப்படியும் கலிபோர்னியாவிலுள்ள கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட் போன்ற பெரிய பள்ளிகள் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தீனிக்கு மாறின. விதிகள் கடுமையானவை: உணவு வளர்ப்பவர் கையிலிருந்து மட்டுமே வரும், தரையிலிருந்து ஒருபோதும் வராது. எங்கே கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரிந்த நாய் மற்ற இடங்களில் தேடுவதில்லை. எங்கேயோ எப்போதோ மேசையிலிருந்து ஒரு துண்டு விழும் வீட்டில்தான் நாய் வாயில் நீர் வடியப் பார்த்துக்கொண்டிருக்கும். பிச்சை கேட்கும் பழக்கம் பயிற்சித் தீனியால் வருவதைவிடச் சாப்பாட்டு மேசையால் வருவதே அதிகம்.

இந்தப் பள்ளிகளைச் சுற்றி இன்னொரு வியப்பான தகவல். கேம்பிரிட்ஜின் எலினார் ராஃபன் 2016இல், லாப்ரடார் நாய்களில் பசியடங்கும் உணர்வைக் கெடுக்கும் ஒரு மரபணுக் குறையைக் கண்டறிந்தார். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றிடம் அது இருந்தது. ஆனால் அவர் சோதித்த உதவி நாய்களில் நான்கில் மூன்றிடம் இருந்தது. எப்போதும் பசித்திருக்கும் நாய் நன்றாகப் பழகும் என்று மனிதர்கள் அறியாமலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கக்கூடும். தீனி சுலபமாக வேலை செய்வது சில சமயம் நாயின் நலிவாகவும் இருக்கலாம் என்பதை இந்தக் கண்டுபிடிப்பு சொல்கிறது. இதைப் படித்த பிறகு "நம்ம லாப் எதுக்கும் சாப்பிடும்" என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகக் கேட்கிறது.

உடல் பருமன் உண்மையான ஆபத்து. அமெரிக்காவில் வீட்டு நாய்களில் பாதிக்கு மேல் எடை மிகுந்தவை. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுதும் கண்காணித்து 2002இல் வெளியான ஆய்வில், ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. தீனி நாளுக்குரிய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது அறிவுரை. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி என்று வைத்தால், தீனிக்கு 60. இரண்டு மாரி பிஸ்கட்டில் அது ஏறத்தாழ தீர்ந்துவிடும்; மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் உள்ளே போகும். அதே 60 கலோரிக்கு, தோல் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சை ஒரு கிராம் துணுக்குகளாகப் பிய்த்தால் முப்பதுக்கு மேல் பரிசு கிடைக்கும். நாய் துணுக்குகளின் அளவைவிட எண்ணிக்கையையே மதிக்கிறது என்பது பயிற்சி கொடுத்த பலரின் அனுபவம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் ஆகியவை மட்டும் எந்த அளவிலும் வேண்டாம்.

அச்சமுள்ள நாய்க்குத் தீனி கொடுத்தால் அச்சம் வலுப்படும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அச்சம் என்பது உட்காருவதைப் போல நாய் வேண்டுமென்றே செய்யும் செயல் அல்ல. அதற்குப் பரிசளித்து அதைப் பெருக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் பெர்னில் ஷ்டெஃபானி ரீமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெடிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் உடனே தீனியோ விளையாட்டோ கொடுத்துவந்த உரிமையாளர்களில் பத்தில் ஏழு பேர் அது பயன்பட்டதாகச் சொன்னார்கள். தீபாவளி வாரத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயைத் "தைரியமா இரு" என்று அதட்டி வெளியே இழுப்பதைவிட, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துணுக்குக் கோழி மேல். முதல் வெடிக்கு முந்தைய வாரங்களில், மெல்லிய சத்தங்களிலிருந்தே தொடங்கினால் இன்னும் நல்லது. நடுக்கம் முற்றிய நாய் தின்னாது. அது நமக்கு ஒரு தகவல், அங்கிருந்து அதை விலக்கி அழைத்துப் போக வேண்டும்.

தீனியின் பக்கம் நின்று பேசும்போது நான் தயங்கும் ஓர் இடம் பசி. ஸ்கின்னரின் புறாக்களை இயல்பான எடையில் 80 சதவீதத்துக்கு இறக்கி வைத்துத்தான் பழக்கினார்கள். இன்றும் சில டிரெய்னர்கள், தீனிக்கு மசியாத நாயை ஒருநாள் பட்டினி போடு, தானாக வரும் என்கிறார்கள். பட்டினியால் வரவழைத்த கீழ்ப்படிதல், சங்கிலியால் வரவழைத்ததிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது? என்னால் அதிக தூரம் காண முடியவில்லை. அன்றாட உணவில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் பயிற்சியில் கொடுப்பது வேறு. வயிற்றைக் காயப்போடுவது வேறு. நாய் தின்ன மறுத்தால் அங்கே பயமோ நோவோ வெக்கையோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சென்னை வெயிலில் பகல் பதினோரு மணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு நாய்க்கு ஆர்வமில்லை என்பவர்கள் உண்டு.

சுவீடனில் உப்சாலா நகரில் 12 பீகிள் நாய்களை வைத்து நடந்து, 2014இல் வெளியான ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். நாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். ஒன்று ஒரு கருவியை இயக்கித் தன் பரிசைத் தானே பெற்றது. அதன் ஜோடிக்கும் அதே பரிசு, அதே இடைவெளியில் கிடைத்தது. ஆனால் அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் கிடைத்தது. தானே சாதித்த நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு சோதனை அறைக்கு ஓடின. மற்றவை நாளடைவில் உள்ளே வரத் தயங்கின, கருவியைக் கடித்துக் குதறின. பரிசு இரண்டுக்கும் ஒன்றேதான்.

பெரும்பாலான தமிழ் வீடுகளில் நாய்க்குக் காலையும் மாலையும் தட்டு நிறையத் தயிர்ச்சோறோ கோழிச்சோறோ கேட்காமலே வந்துவிடுகிறது. மீதிப் பகலில் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. மாலையில் சோறு கலக்கும் முன் கோழியில் ஒரு கைப்பிடியைத் தனியே பிய்த்து வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் ஐந்து நிமிடம், வாசலில் ஐந்து நிமிடம் பழக்கலாம். துணுக்குகளைச் சட்டைப் பையில் மறைத்து வையுங்கள். முதலில் சொல், பிறகு நாயின் செயல், உடனே "சரி", அதற்கும் பிறகுதான் கை பைக்குள் போக வேண்டும்.